காலி இருக்கைகள்

நரிக்குடியிலிருந்து திருச்சுழிக்குச் செல்லும் சாலையை அறிந்தவர்கள் அதன் வெயிலையும் அறிவார்கள். இருபுறமும் சீமைக் கருவேலங்காடு. இடையிடையே கரிமூட்டங்களிலிருந்து எழும் புகை. மழை பெய்த ஆண்டில் நீர்ப்பரப்பாகவும், பொய்த்த ஆண்டில் வெடித்த களிமண்ணாகவும் கிடக்கும் கண்மாய்கள். நிழற்குடை உள்ள நிறுத்தங்களிலும் இல்லாத நிறுத்தங்களிலும் பேருந்துக்காகக் காத்து நிற்கும் மனிதர்கள். இந்தச் சாலையில் ஏழு மாத காலம், சனிக்கிழமைதோறும் காலையில், அறுபது லட்ச ரூபாய் பெறுமானமுள்ள ஒரு சொகுசு வண்டியை நான் தன்னந்தனியாக ஓட்டிச் சென்றேன். அப்படியே திரும்பி வந்தேன். போக வேண்டிய ஊர் எதுவும் இல்லை. பார்க்க வேண்டிய ஆளும் இல்லை. வண்டி ஓட வேண்டும் என்பதற்காக மட்டுமே அதை ஓட்டினேன். அந்த ஏழு மாதங்கள் என் மனச்சான்றில் எழுப்பிய கேள்வியை அன்பு வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

வண்டிக்கு உரியவர் எங்கள் பங்கின் மகன். கட்டடங்களில் மின்கம்பி இழுக்கும் வேலைக்கென்று வளைகுடா நாட்டுக்குப் போனவர். இருபத்திரண்டு ஆண்டுகள் பாலைவனத்து வெயிலில் உழைத்து, இன்று தமக்கென ஒரு சிறு ஒப்பந்த நிறுவனம் வைத்திருக்கிறார். விடுமுறையில் ஊருக்கு வந்தவர் புதிய வண்டி வாங்கி, ஞாயிறு திருப்பலிக்குப் பின் ஆலய முற்றத்தில் நிறுத்தி, மந்திரித்துத் தரும்படி கேட்டார். தீர்த்தம் தெளித்து செபித்தேன். சிறுவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். அவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "சாமி, இது ஹைபிரிட் வண்டி. பாதி கரண்டு, பாதி பெட்ரோல். மத்த வண்டி மாதிரி புகை கக்காது. பூமிக்குக் கெடுதல் இல்லை." கேட்காத கேள்விக்கு அவரே விடை சொல்லிவிட்டார் என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன்.

விடுமுறை முடிந்து புறப்படும் நாளில் சாவியோடு பங்கு இல்லத்துக்கு வந்தார். வீட்டில் வயதான தாய் மட்டுமே இருக்கிறார். வண்டியை நம்பி ஒப்படைக்க ஊரில் வேறு ஆளில்லை. "வாரத்துக்கு ஒருதரம் அரைமணி நேரமாவது ஓட்டிக் குடுங்க சாமி. நிறுத்தியே போட்டா பேட்டரி இறங்கிடும். உள்ளே தூசி போகாம மட்டும் பார்த்துக்குங்க" என்றார். இந்தச் சொற்களை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். நானும் அவற்றைச் சரியாக நினைவில் வைத்திருந்திருக்க வேண்டும்.

இத்தகைய வண்டியின் இயக்கத்தைச் சற்று அறிந்துகொள்வது நமது சிந்தனைக்கு உதவும். பெருமளவில் உற்பத்தியான முதல் ஹைபிரிட் காரை டொயோட்டா நிறுவனம் 1997-இல் ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயர் பிரியஸ். அதே நிறுவனத்தின் லெக்சஸ் பிரிவு 2005-இல் இந்த நுட்பத்தைப் பெரிய சொகுசு வண்டிக்குக் கொண்டுவந்தது. 2017-இல் அந்த வகை வண்டிகள் இந்தியாவிலும் விற்பனைக்கு வந்தன. இந்த வண்டியில் பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து சக்கரங்களைச் சுழற்றுகின்றன. மெதுவாகச் செல்லும்போது பெரும்பாலும் மின்சாரமே போதும்; விரைவும் ஏற்றமும் வரும்போது எஞ்சின் துணைக்கு வருகிறது. இதன் சிறப்பு பிரேக்கில் இருக்கிறது. சாதாரண வண்டியில் பிரேக்கை மிதித்தால் ஓட்டத்தின் ஆற்றல் வெப்பமாகி வீணாகும். இதில் மோட்டாரே மின்னாக்கியாக மாறி, அந்த ஆற்றலில் ஒரு பகுதியைப் பிடித்து பேட்டரியில் சேமிக்கிறது. நிற்கும்போது இழக்க வேண்டியதை அடுத்த ஓட்டத்துக்கு வைத்துக்கொள்கிறது. படைப்பின் ஒழுங்கை உற்றுநோக்கிய மனித அறிவின் நல்ல கனி இது. இதை இகழ எனக்கு மனமில்லை.

ஆனால் அந்த அறிவுக்கு ஏற்ற பராமரிப்பும் வேண்டும். பெரிய பேட்டரி பல வண்டிகளில் பின்னிருக்கையின் அடியில் இருக்கிறது. அது சூடாகாதிருக்க, வண்டிக்குள் இருக்கும் குளிர்ந்த காற்றை ஒரு சிறிய வலை வழியாக உறிஞ்சுகிறது. அந்த வலை புழுதியால் அடைபட்டால் பேட்டரி சூடேறிக் கெடும். பூட்டைத் திறப்பதற்கும் வண்டியை உயிர்ப்பிப்பதற்கும் தனியாக ஒரு சிறு பேட்டரி உண்டு. நிறுத்தியே வைத்தால் அது முதலில் இறங்கும். ஆரஞ்சு நிறக் கம்பிகளில் உயர் மின்னழுத்தம் பாய்வதால், பயிற்சி பெறாதவர் கைவைக்கலாகாது. டிராக்டரையும் மோட்டார் சைக்கிளையும் கண்ணை மூடிக்கொண்டு சரிசெய்யும் எங்கள் ஊர் மெக்கானிக், இந்த வண்டியைக் கண்டதும் கைகட்டி நின்றுவிட்டார். எதற்கும் மதுரைக்குத்தான் போக வேண்டும். பெரிய பேட்டரிக்கு எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்று உத்தரவாதம் அளிக்கும் நிறுவனங்கள் உண்டு. ஆனால் நரிக்குடியின் கோடைக்கும் கொட்டகை எலிகளுக்கும் எவரும் உத்தரவாதம் தருவதில்லை. கம்பியைக் கடித்துவிடும் என்று அஞ்சி, அவருடைய தாய் மாலைதோறும் வண்டியின் நான்கு பக்கமும் எலிப்பொறி வைப்பார். மகனைத் தொட்டுப் பார்க்க முடியாத அந்தத் தாய், மகன் வாங்கிய வண்டியைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் உறங்கப் போவார்.

இப்படித்தான் நான் அந்த வண்டியின் காவலன் ஆனேன். முதல் சனிக்கிழமை பயத்தோடு ஓட்டினேன். இரண்டாவது சனிக்கிழமை பயம் தெளிந்தது. மூன்றாவது சனிக்கிழமை முதல், உண்மையைச் சொல்லிவிடுகிறேன், வெள்ளிக்கிழமை இரவே மனம் அதை எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டது. கதவை மூடியதும் வெளியுலகின் ஒலி அற்றுப்போகும். குளிர்ந்த காற்று நெற்றியைத் தொடும். எஞ்சின் ஓடுகிறதா இல்லையா என்பதே தெரியாது. இருபத்தைந்து ஆண்டுகளாக இருசக்கர வாகனத்தில் கிளைக் கிராமங்களுக்குச் சென்றுவரும் முதுகுக்கு அந்த இருக்கை ஓர் ஆறுதல். எளிமையைப் பற்றிப் பலமுறை மறையுரை ஆற்றியவன் நான். எளிமையை நான் தேர்ந்துகொண்டேனா, அல்லது வேறு வழியில்லாமல் எளியவனாக இருந்தேனா என்ற கேள்வி அந்தக் குளிர்ந்த அறைக்குள் என்னோடு உட்கார்ந்திருந்தது.

கண்ணாடிக்கு வெளியே மனிதர்கள் நின்றார்கள். வற்றல் மூட்டையோடு பெண்கள், சந்தைக்குப் போகும் முதியவர், இடுப்பில் பிள்ளையோடு ஓர் இளம் தாய். தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை; அது நல்ல ஏற்பாடு. ஆயினும் வராத பேருந்தில் இலவசமாகவும் போக முடியாதல்லவா? அவர்களில் சிலர் என்னை அடையாளம் கண்டு கைகூப்பினார்கள். நானும் உள்ளிருந்தே கைகாட்டிக் கடந்து சென்றேன். உள்ளே தூசி போகக் கூடாது என்று உரிமையாளர் சொல்லியிருக்கிறார். பிறர் பொருளைப் பேணுகிறவன் அவர் விருப்பத்தை மீறலாகாது. கொடுத்த வாக்கைக் காப்பதும் அறமே. இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒழுக்க இறையியல் பயின்றவனுக்குக் காரணங்கள் கிடைப்பது கடினமன்று.

ஒருநாள் மாலை காகிதமும் பேனாவும் எடுத்து ஒரு கணக்குப் போட்டேன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரிவளி வெளியேறும். ஒரு லிட்டர் டீசலுக்கு அது சுமார் 2.7 கிலோ. நான் ஓட்டிய வண்டி எங்கள் சாலையில் லிட்டருக்கு ஏறக்குறைய 18 கிலோமீட்டர் கொடுத்தது. ஆக, நான் ஒருவன் ஒரு கிலோமீட்டர் செல்ல 128 கிராம் கரிவளி. பேருந்து லிட்டருக்கு 5 கிலோமீட்டர்தான் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். அதில் 50 பேர் இருந்தால், ஆளுக்கு ஒரு கிலோமீட்டருக்கு வெறும் 11 கிராம். புகை கக்கியபடி குலுங்கிச் செல்லும் அந்தப் பழைய பேருந்து, என் அமைதியான வண்டியைவிடப் பன்னிரண்டு மடங்கு தூய்மையானது! ஆனால் என் வண்டியிலேயே ஐந்து பேர் உட்கார்ந்தால் கணக்கு 26 கிராமாகக் குறைகிறது. எஞ்சினை மாற்றவில்லை, பேட்டரியை மாற்றவில்லை; நான்கு இருக்கைகள் நிரம்பின, அவ்வளவே.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடலின் 153-ஆம் பத்தியில், ஓரிருவரை மட்டும் சுமந்துகொண்டு நகரங்களில் ஓடும் ஏராளமான கார்களைக் குறித்துக் கவலை தெரிவிக்கிறார். அவருடைய கண்ணும் காலி இருக்கையின்மேல்தான் விழுந்திருக்கிறது. நமது அரசின் வரிப் பட்டியலும் இதில் ஏமாறவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய ஹைபிரிட் கார்களுக்குச் சரக்கு சேவை வரி 40 விழுக்காடு. முழுதும் மின்சாரத்தில் ஓடும் கார்களுக்கு 5 விழுக்காடு. வரி வசூலிப்பவருக்கு அது சொகுசுப் பொருள்தான். பெட்ரோலைச் சற்றுக் குறைவாக எரிக்கும் வண்டியை வாங்கியதால் நாம் பூமிக்குச் செய்ய வேண்டிய கடமை தீர்ந்துவிட்டது என்று நினைப்போமானால், பாவப்பரிகாரத்தையும் கடையில் விலைக்கு வாங்கத் தொடங்கிவிட்டோம் என்று பொருள்.

அப்படியானால் இத்தகைய வண்டியை வைத்திருப்பதே தவறா? இங்கே நான் குருமடத்தில் கற்ற ஒரு பாடம் முதுமையில் எனக்குப் புதிதாக விளங்கியது. புனித தோமா அக்குவினார் தமது இறையியல் தொகுப்பில், உடைமை பற்றிய வினாவை இரண்டாகப் பிரிக்கிறார். பொருளை ஈட்டுவதும் அதைப் பேணி வழங்குவதும் ஒன்று; அதைப் பயன்படுத்துவது மற்றொன்று. முதலாவதில் தனியுரிமை ஏற்கத்தக்கது, தேவையும்கூட என்கிறார். காரணம், எல்லாருக்கும் பொதுவான பொருளைவிடத் தனக்கென உள்ள பொருளை மனிதன் கூடுதல் கவனத்தோடு பேணுகிறான். இரண்டாவதில், அதாவது பயன்பாட்டில், மனிதன் தன் பொருளைத் தனக்கே உரியதாகக் கருதாமல் பொதுவானதாகக் கருதி, தேவையில் இருப்பவரோடு தயக்கமின்றிப் பகிர வேண்டும் என்கிறார்.

முதல் பகுதி எவ்வளவு உண்மை என்பதற்கு எங்கள் கண்மாய்களே சாட்சி. முன்னாளில் ஊரார் கூடிக் கரையைப் பலப்படுத்தி, மடையைச் சரிசெய்து, வண்டல் அள்ளிய வழக்கத்துக்குக் குடிமராமத்து என்று பெயர். அது காலப்போக்கில் நலிந்து, 2017-இல் அரசு அதே பெயரில் ஒரு திட்டமாகத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஊரின் கண்மாயில் கருவேலம் முளைத்தால் கேட்க ஆளில்லை. ஒரு வீட்டின் வண்டிக்கோ உறை உண்டு, எலிப்பொறி உண்டு, வாரந்தோறும் ஓட்டிவர ஒரு குருவானவரும் உண்டு. தனக்கென்று இருப்பதை மனிதன் பேணுகிறான். அந்த அளவில் உடைமை நல்லது. வண்டியைப் பேணும் அந்தத் தாயின் கையில் நான் குறை காணவில்லை.

இரண்டாவது பகுதியில்தான் நாம் இடறுகிறோம். பேணுவதையே பயன் என்று எண்ணிவிடுகிறோம். மழை பொய்த்த பஞ்சத்தைக் கண்களால் கண்ட புனித பசிலியார், நான்காம் நூற்றாண்டில், நற்செய்தியின் அறிவற்ற செல்வனைப் பற்றி ஆற்றிய மறையுரையில் செல்வரைக் கடுமையாகச் சாடினார். பெட்டிக்குள் மடித்து வைத்த ஆடை ஆடையற்றவனுக்கு உரியது என்பது அவர் கருத்து. பெட்டிக்குள் உள்ள ஆடைக்கும் ஓடும் வண்டியின் காலி இருக்கைக்கும் என்ன வேறுபாடு? ஆடையையாவது கொடுத்தால் நமக்கு ஒன்று குறையும். காலி இருக்கையைக் கொடுத்தால் ஒன்றும் குறைவதில்லை. வண்டி எப்படியும் ஓடத்தான் போகிறது. பெட்ரோல் எரியத்தான் போகிறது. எதையும் இழக்காமல் செய்யக்கூடிய நன்மையை மறுக்கிறவர், இழந்து செய்ய வேண்டிய நன்மைக்கு எப்படி முன்வருவார்?

நற்செய்தியில் வண்டி இல்லை என்று எண்ண வேண்டாம். எரிகோ சாலையில் அடிபட்டுக் கிடந்தவனை நல்ல சமாரியர் தம் சொந்த விலங்கின்மீது ஏற்றினார் என்று லூக்கா எழுதுகிறார். விலங்கு அவருடையது, அவர் அதை வைத்திருந்தது குற்றமாகச் சொல்லப்படவில்லை. அது இருந்ததால்தான் அந்த மனிதன் சத்திரம் போய்ச் சேர்ந்தான். அடிபட்டவன் அமர்ந்தபோது சமாரியர் நடந்திருப்பார். எருசலேமுக்குள் ஆண்டவர் நுழைந்தபோது ஏறிவந்த கழுதைக்குட்டியோ இரவல் பெற்றது. கேட்டவர்களிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் அவரே சீடர்களுக்குச் சொல்லியனுப்பினார். தேவை சொல்லப்பட்டது, உடையவர்கள் தடுக்கவில்லை. பிறர் பொருளைப் பயன்படுத்தும்போது உண்மையைச் சொல்லிக் கேட்க வேண்டும் என்ற பாடமும் அதில் அடங்கியிருக்கிறது. இதை நான் தாமதமாகவே உணர்ந்தேன்.

அண்மைக்கால வரலாறும் நமக்குத் துணை நிற்கிறது. 1964 டிசம்பரில் மும்பையில் நடந்த நற்கருணை மாநாட்டுக்கு வந்த திருத்தந்தை ஆறாம் பவுல், தமது பயணத்துக்கென அமெரிக்கர்கள் வழங்கிய வெண்ணிற லிங்கன் காரை அன்னை தெரேசாவுக்குக் கொடுத்துச் சென்றார். அன்னை அதில் ஏறிச் செல்லவில்லை. குலுக்கல் சீட்டு வைத்து அதைப் பணமாக்கித் தொழுநோயாளருக்கான குடியிருப்புக்குப் பயன்படுத்தினார். 2013 ஜூலையில் குருமாணவர்களையும் துறவற நவசந்நியாசிகளையும் சந்தித்த திருத்தந்தை பிரான்சிஸ், புத்தம் புதிய மாடல் காரில் குருவையோ கன்னியரையோ காணும்போது தமக்கு வலிக்கிறது என்று வெளிப்படையாகக் கூறினார். வேலைக்குக் கார் தேவைதான், எளியதாக ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள் என்றார். நம் மறவ நாட்டு மண்ணிலோ, 1693-இல் ஓரியூரில் இரத்தம் சிந்திய புனித அருளானந்தர் கால்நடையாகவே மக்களைத் தேடிச் சென்றார். எங்கள் நரிக்குடியிலேயே இராமேசுவரம் செல்லும் வழிப்போக்கர்களுக்காக எழுந்த, மருது பாண்டியர் பெயரோடு இணைந்த பழைய சத்திரம் இருக்கிறது. கட்டியவர் செல்வர், தங்கியவர் முகம் அறியாத பயணி. உடைமை என்றால் என்ன என்று அந்தச் சுவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இவ்வளவையும் அறிந்தவனாக நான் கடந்து சென்றுகொண்டே இருந்தேன். அறிவு காலை நகர்த்துவதில்லை.

ஏழாவது மாதத்தில் ஒரு சனிக்கிழமை. வெயில் ஏறியிருந்தது. திருச்சுழிக்கு முன்னால், மரமில்லாத ஒரு நிறுத்தத்தில், ஒரு மூதாட்டி பேரனைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றார். கடக்கும்போது அந்தப் பிள்ளையின் கை தளர்ந்து தொங்குவதைக் கண்டேன். ஐம்பதடி தாண்டியும் அந்தக் கை கண்ணை விட்டு அகலவில்லை. பிரேக்கை மிதித்தேன். பின்னோக்கி வந்து கதவைத் திறந்தேன்.

"எங்கே போகணும் ஆத்தா?"

"அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குச் சாமி. விடிஞ்சதிலேர்ந்து காய்ச்சலு. பஸ்ஸைக் காணோம்."

அவரிடம் அலைபேசி இல்லை. 108-ஐ அழைக்கலாம் என்று சொல்லவும் அருகில் ஆளில்லை. ஏறச் சொன்னேன். அவர் ஏறவில்லை. இருக்கையைப் பார்த்தார், தம் காலைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இருக்கையின் ஓரத்தில், விழுந்துவிடுவார் போல ஒட்டிக்கொண்டு அமர்ந்தார். "அழுக்காயிடுமே சாமி" என்று அருப்புக்கோட்டை வரை மூன்றுமுறை சொன்னார். பாதி வழியில் பிள்ளை வாந்தி எடுத்தது. மூதாட்டி தம் சேலை முந்தானையால் பதறித் துடைத்தார். பிள்ளையின் நெற்றியைவிட இருக்கையை அவர் முதலில் துடைத்தார் என்பதை நான் கண்ணாடியில் கண்டேன். அந்தக் காட்சி இன்றுவரை என்னைச் சுடுகிறது. நம் பொருள்கள் ஏழையின் உள்ளத்தில் எத்தகைய அச்சத்தை விதைத்து வைத்திருக்கின்றன! மருத்துவமனையில் பிள்ளைக்குக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். மாலைக்குள் கண் திறந்து தண்ணீர் கேட்டான்.

அன்றிரவு வெளிநாட்டிலிருந்த உரிமையாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். ஒப்புரவு அருட்சாதனத்தில் மற்றவர் தயங்குவதைப் போல் நானும் தயங்கினேன். நடந்ததைச் சொல்லி, வாக்கை மீறிவிட்டேன், இருக்கையைச் சுத்தம் செய்ய ஆகும் செலவை நானே தருகிறேன் என்றேன். சிறிது நேரம் பேச்சில்லை.

"புள்ளை எப்படி இருக்கான் சாமி?" என்பதே அவருடைய முதல் கேள்வி.

தேறிவிட்டான் என்றேன்.

"ஆள் ஏத்தக் கூடாதுன்னு நான் சொன்னேனா சாமி?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

"தூசி போகாமப் பார்த்துக்குங்கன்னுதானே சொன்னேன். நீங்களா என்னைப் பத்தி அப்படி நெனச்சுட்டீங்க. ஒரு வார்த்தை கேட்டிருந்தா முதல் வாரமே ஏத்துங்கன்னு சொல்லியிருப்பேனே."

அவர் கோபமாகப் பேசவில்லை. அதனால்தான் அது ஆழமாக இறங்கியது. பின்பு நடைமுறை அறிந்தவராய், "எல்லாரையும் எப்பவும் ஏத்திக்கிட்டிருக்க முடியாது சாமி, அது வேற. ஆஸ்பத்திரிக்குன்னா கேக்கவே வேணாம். சீட்டுக்கு மட்டும் ஏதாவது உறை போட்டுக்குங்க" என்றார்.

அன்பு வாசகர்களே, இந்த ஏழு மாதங்களும் நான் அந்த மனிதரைத் தீர்ப்பிட்டுக்கொண்டே வண்டியை ஓட்டியிருக்கிறேன். அறுபது லட்சத்துக்கு வண்டி வாங்கியவன் ஏழையை ஏற்ற விடுவானா என்று நானாக முடிவு செய்தேன். அவர் விதிக்காத தடையை அவர் பெயரால் நான் விதித்தேன். அந்தத் தடை எனக்கு வசதியாகவும் இருந்தது. குளிர்ந்த காற்றும் அமைதியும் எனக்கே கிடைத்தன. பழி மட்டும் அவருக்குப் போயிற்று. பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்களிடமிருந்து ஓர் இருக்கையை நான் பறித்தேன். அவரிடமிருந்தோ கொடுக்கும் வாய்ப்பையே பறித்துவிட்டேன். கழுதைக்குட்டியை அவிழ்த்த சீடர்கள் கேட்டவர்களுக்கு ஒரு வார்த்தை சொன்னார்கள். நான் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை.

மழையை எதிர்நோக்கி வாழும் இந்தப் பூமியில் அவ்வளவு விலையுள்ள ஒரு வண்டி தேவைதானா என்ற கேள்வியை நான் கைவிட்டுவிடவில்லை. அவர் அடுத்து வரும்போது ஒரு நண்பனாக அதைக் கேட்பேன். இருபத்திரண்டு ஆண்டு வெயிலில் நின்றவரின் விடையை, முடிவை முன்கூட்டியே வைத்துக்கொள்ளாமல் கேட்பேன். ஆனால் அதற்கு முன் எனக்கு நானே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று இருந்தது.

இப்போது சனிக்கிழமை ஓட்டத்துக்கு நேரம் குறித்து, முந்தைய ஞாயிறு திருப்பலியின் இறுதியில் அறிவிக்கிறேன். மருத்துவமனைக்குப் போக வேண்டியவர்கள், முதியோர் உதவித்தொகைக்காக வங்கிக்குப் போகிறவர்கள், எந்தச் சமயத்தவராயினும், ஆலய முற்றத்துக்கு வந்துவிடுகிறார்கள். கட்டணம் இல்லை. அவருடைய தாய் தம்முடைய பழைய நூல்சேலைகளை மடித்துத் தைத்து இருக்கைகளுக்கு உறை செய்து கொடுத்தார். சில வாரங்களில் அவரே முன்னிருக்கையில் அமர்ந்து வருகிறார். பேட்டரியின் வலையை மாதம் ஒருமுறை தூரிகையால் துடைக்கிறேன். தூசி முன்னைவிடச் சற்றுக் கூடுதலாகத்தான் இருக்கிறது.

அந்த மூதாட்டியை இறக்கிவிட்டுத் திரும்பிய நாளின் இரவில் பங்கு இல்லத்தைச் சுற்றிப் பார்த்தேன். மூன்று அறைகள். என்றோ வரும் விருந்தினருக்கென ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடப்பவை. மின்விசிறி உண்டு, விளக்கு உண்டு, மேசை உண்டு. பெருக்கித் துடைத்து, வெள்ளை விரிப்பு விரித்து, நன்றாகப் பேணி வைத்திருக்கிறோம். கூப்பிடு தூரத்தில், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒற்றையறை வீட்டில் தொலைக்காட்சிச் சத்தத்துக்கு நடுவே படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. உங்கள் இல்லத்திலும் இப்படிப் பேணப்பட்டு, பயன்படாமல் கிடப்பது ஏதேனும் இருக்கக்கூடும். அது ஓர் அறையாக இருக்கலாம், ஒரு கிணறாக இருக்கலாம், ஓய்வுபெற்றபின் கையில் இருக்கும் நேரமாகவும் இருக்கலாம். அதற்கு யார் தடை விதித்தார்கள் என்று ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டுகிறேன்.

மறுநாள் மாலை இரண்டு அறைகளின் சாவியைப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். மூன்றாவது அறை இன்னும் பூட்டியே இருக்கிறது. அதற்கும் ஏதோ ஒரு காரணம் வைத்திருக்கிறேன். இறைவன் அதையும் ஒருநாள் கேட்பார்.